அளந்தவள் பெயர்

ஆய்வுப் போஸ்டர் என்றால் பெரும்பாலும் ஏ0 தாள்தான். அகலம் 841 மில்லிமீட்டர், உயரம் 1,189 மில்லிமீட்டர். ஓராண்டோ ஈராண்டோ பாடுபட்ட வேலை முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். பக்கத்தில் நின்று, வருகிறவருக்கு ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்லியும் முடிக்க வேண்டும். தூய்மை எரிசக்தித் துறைப் பெண்களுக்கான போஸ்டர் போட்டிகளில் முதலில் நான் போட்டியாளராக நின்றேன். பிறகு இளையவர்களுக்குப் போஸ்டர் செய்யச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது நடுவராகவும் கூப்பிடுகிறார்கள். என் பிழைப்பு வேறு: செம்பனை ஆலைக் கழிவுநீரிலிருந்து பயோகேஸ் எடுக்கும் நிலையங்களுக்குப் போய், டேங்க் ஏன் நுரைக்கிறது, எஞ்சின் ஏன் நின்றது என்று பார்த்துச் சொல்வது. பகலில் கழிவுநீர், இரவில் போஸ்டர் என்று பல காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் போட்டிகளுக்கு ஆள் பஞ்சம் கிடையாது. நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில், ஜாலான் பந்தாய் பாருவில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் மின்சக்தி ஆய்வு மையமான யூஎம்பெடாக் இருக்கிறது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தின் சூரிய சக்தி ஆய்வுக் கழகமும், மலேசியச் செம்பனை வாரியமும் இருக்கின்றன. காஜாங்கில் யூனிடென், ஷா ஆலமில் யூஐடிஎம் ஆகிய பல்கலைக்கழகங்கள். ரயிலிலோ காரிலோ ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இத்தனை ஆய்வுக்கூடங்கள். ஆகவே மண்டபத்துப் பலகைகளை நிரப்புவது மாணவிகள்தான். சூரியத் தகட்டின் மேல் படியும் தூசி, அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் மின்கார் சார்ஜர், செம்பனை ஓட்டிலிருந்து கரி, ஏரியில் மிதக்கும் சூரியத் தகடு என்று ஒவ்வொன்றும் அக்கறையோடு செய்த வேலை.

நான் எழுத வந்தது அந்தப் பலகைகளில் இடம் கிடைக்காத பெண்களைப் பற்றி.

நான் பிறந்தது கிள்ளானுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில். அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். குலையை வெட்டும்போது தெறித்து விழும் செம்பனைப் பழங்களைக் குனிந்து குனிந்து சேர்த்துச் சாக்கில் கட்டும் வேலை. தோட்டத்தில் அது பெண்கள் வேலை. ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் இருந்தன. ஆலைக் கழிவுநீர் ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்கு வழிந்து வழிந்து கடைசியில் ஆற்றுக்குப் போகும். அந்த நாற்றத்தோடுதான் நாங்கள் பள்ளிக்குப் போனோம், கோயிலுக்குப் போனோம், கல்யாணம் செய்தோம். முதல் குளத்தில் சதா குமிழி வந்துகொண்டே இருக்கும். அந்தக் குமிழிதான் மீத்தேன் என்று பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. எங்கள் லயத்துக்குப் பின்னால் அது பாட்டுக்கு வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

கணக்கு எளிது. ஒரு டன் பழக்குலையைப் பிழிந்தால் ஏறக்குறைய 0.65 கனமீட்டர் கழிவுநீர் வரும். ஒரு கனமீட்டர் கழிவுநீர் சுமார் 28 கனமீட்டர் பயோகேஸ் தரும். அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன். மணிக்கு 45 டன் பிழியும் ஆலை நாளுக்கு இருபது மணி நேரம் ஓடினால், அதன் கழிவுநீரைக் கொண்டே ஒன்றரை மெகாவாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கலாம். வாயுவைப் பிடிக்கக் குளத்தை மூட வேண்டும், அல்லது டேங்க் கட்ட வேண்டும். எஞ்சின் வாங்க வேண்டும். பணம் போடுகிறவர் வேண்டும்.

அந்தப் பணம் வருவதற்குச் சட்டம் வழி செய்தது. 2011ஆம் ஆண்டு புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சேடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் அமைந்தது, டிசம்பர் 1ஆம் தேதி மின்கொள்முதல் கட்டணத் திட்டம் தொடங்கியது. பயோகேஸ் மின்சாரத்துக்கு 16 ஆண்டுகளுக்கு நிலையான விலை என்று உத்தரவாதம். அதற்கான நிதியை மின்கட்டணத்தில் ஒரு விழுக்காடு கூடுதலாக வசூலித்துத் திரட்டினார்கள். 2014இல் அது 1.6 விழுக்காடு ஆனது. அதே 2014லிருந்து புதிதாகக் கட்டும் செம்பனை ஆலைகள் பயோகேஸைப் பிடிக்கும் ஏற்பாட்டோடுதான் வர வேண்டும் என்று செம்பனை வாரியமும் விதித்தது. சேடாவின் முதல் தலைமை நிர்வாகி டத்தின் பட்ரியா அப்துல் மாலேக். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த கேத்தரின் ரிடுவும் ஒரு பெண். படிப்பை முடித்து வெளியே வந்த எங்களுக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. நாட்டின் புதிய துறை ஒன்றின் தலைமை நாற்காலியில் முதல் நாளிலிருந்தே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

மேலே அப்படி. கீழே, டேங்க் பக்கம் வந்தால் நிலைமை வேறு. உலக அளவில் பார்த்த இரேனா என்ற பன்னாட்டு அமைப்பு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையில் பெண்கள் 32 விழுக்காடு என்றது. எண்ணெய், எரிவாயுத் துறையின் 22 விழுக்காட்டைவிட இது மேல். ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால், அலுவலக நிர்வாக வேலைகளில் பெண்கள் 45 விழுக்காடு, அறிவியல் பொறியியல் வேலைகளில் 28. நான் போகிற நிலையங்களிலும் அதுதான் கண்ணில் படுகிறது. அலுவலகக் கதவைத் திறந்தால் பெண்கள். ஆய்வுக்கூடத்தில் ஒருவரோ இருவரோ. குழாய், வால்வு, எஞ்சின் என்று நடக்கத் தொடங்கினால் பல நிலையங்களில் ஒரு பெண்கூட எதிரே வருவதில்லை.

சில நிலையங்களில் எதிரே வரும் ஒருத்தியும் போஸ்டருக்கு வருவதில்லை. அவள் எடுத்த அளவீடுகள் மட்டும் வந்துவிடுகின்றன. முதுகலை மாணவி ஒருத்தி ஆலைக்குப் போய் ஆறு மாத அளவீட்டுத் தாள்களை வாங்கி வருவாள், வரைபடம் போடுவாள், போஸ்டரின் அடியில், நன்றி என்ற தலைப்பின் கீழ், நிறுவனத்தின் பெயர் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மழையில் டார்ச் அடித்து அந்த எண்ணைப் பார்த்து எழுதியவள் பெயர் இருக்காது. மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு முறை நடுவராக இருந்தபோது, “இந்த அளவீட்டை எடுத்தது யார்?” என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, “ஆலையில் கொடுத்தாங்க டாக்டர்” என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பலகையின் முன்னாலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

காப்பார்க்காரப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தது அந்தக் கேள்வியைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான். வீட்டு வாசலில் நின்றால் காப்பார் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் இடத்தில் வளர்ந்தவள். போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் பயோகேஸ் நிலையத்தில் ஷிப்ட் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வாயு ஓட்டம், மீத்தேன் அளவு, ஹைட்ரஜன் சல்பைடு, வெப்பம், பிஎச் எல்லாம் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். ஓராண்டு லாக் புக்கை நகல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலில் வந்தாள்.

“அக்கா, நான் டிகிரிகூட முடிக்கல. இதெல்லாம் ஆராய்ச்சின்னு சொன்னா சிரிப்பாங்க. எங்க சூப்பர்வைசர் இது வெறும் டேட்டாங்கிறாரு” என்றாள்.

நகலைப் புரட்டினேன். சில எண்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். எல்லாம் ஸ்கிரப்பருக்குப் பிறகு எடுத்த ஹைட்ரஜன் சல்பைடு எண்கள். கழிவுநீரிலிருந்து வரும் வாயுவில் இந்த நச்சு 1,500, 2,000, சமயத்தில் 3,000 பிபிஎம்கூட இருக்கும். அப்படியே எஞ்சினுக்கு விட்டால் எண்ணெய் அமிலமாகி உலோகத்தை அரித்துவிடும். அதனால் ஸ்கிரப்பர் என்ற உயரமான கோபுரத்துக்குள் அனுப்புகிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் வளையங்களின் மேல் கந்தகத்தைத் தின்னும் பாக்டீரியா வாழ்கிறது. வெளியே வரும்போது 200 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அவர்கள் எஞ்சினுக்கான அளவு. அவள் வட்டமிட்ட எண்கள் 500ஐத் தாண்டியவை. அந்த நேரங்களில் எஞ்சினை நிறுத்தி வாயுவை வெளியே எரித்துத் தீர்த்திருக்கிறார்கள். மின்சாரம் இல்லை, வருமானமும் இல்லை.

“ஏன் இதை வட்டம் போட்ட?”

“தேதியப் பாருங்கக்கா.”

தேதிகளைப் பார்த்தேன். நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்த பிறகு. தீபாவளி முடிந்து மறுநாளும் அதற்கு மறுநாளும். சீனப் புத்தாண்டு முடிந்து ஆலை திறந்த நாள். பெருநாள் இல்லாத மாதங்களில் திங்கள், செவ்வாய். அவர்கள் ஆலை ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக நிற்கும். கையில் கிடைத்த காகிதங்களில் நான் பல ஆண்டுகளாகத் தேடியும் பார்க்காத ஒழுங்கு அது. வெளியிலிருந்து போகிற ஆலோசகருக்கு அது தெரிய வழியே இல்லை. நாங்கள் போவதோ எஞ்சின் நின்ற பிறகு. ஓய்வுநாள் முடிந்து ஷிப்டுக்கு வந்து, முதல் வேலையாக வால்வைத் திறந்து அளக்கிறவளுக்குத்தான் தெரியும்.

காரணத்தை இருவரும் சேர்ந்து தேடினோம். ஆலை நின்றால் கழிவுநீர் வராது. டேங்கில் உள்ள பாக்டீரியாவுக்கு இரை இல்லை. ஆலை திறந்ததும் தேங்கியதையும் புதியதையும் சேர்த்துப் பம்ப் முழு வேகத்தில் தள்ளுகிறது. அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா சட்டென்று விழித்துக்கொள்ளும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்குவது மெதுவாகத்தான் வேலைக்கு வரும். இடைப்பட்ட நேரத்தில் அமிலம் சேர்ந்து பிஎச் இறங்குகிறது. அவள் லாக் புக்கிலேயே 7.2லிருந்து 6.7க்கு இறங்கியது பதிவாகி இருந்தது. பிஎச் இறங்கினால் நீரில் கரைந்திருக்கும் சல்பைடு ஹைட்ரஜன் சல்பைடாக மாறி வாயுவோடு கிளம்பிவிடும். ஸ்கிரப்பருக்குப் போகும் காற்றோ ஒரே அளவில் வைத்தது வைத்தபடி. திடீரென்று வரும் கூடுதல் நச்சைத் தின்ன உள்ளே உள்ள பாக்டீரியாவுக்குப் பிராணவாயு போதாது. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உள்ள வேதியியல்தான். விடுமுறை நாட்களோடு அதைச் சேர்த்துப் பார்த்தது அவள் கண்.

போஸ்டரின் முதல் வரைவைக் கொண்டுவந்தாள். மேலே நிறுவனச் சின்னம் அரைச்சாண் உயரத்தில். அடுத்து, உலகச் செம்பனை எண்ணெய் உற்பத்தியில் மலேசியா இரண்டாவது நாடு என்று தொடங்கும் முன்னுரை. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் பாதிப் போஸ்டர்கள் அந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. மண்டபத்தில் அதைத் தெரியாதவர் யாரும் இல்லை. பிறகு ஆலையின் முழு இயக்கப் படம், எறும்பு எழுத்தில். அவள் கண்டுபிடித்தது கீழே வலது மூலையில், நான்கு விரல் அகல வரைபடமாகக் கிடந்தது.

போஸ்டர் செய்ய வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: நீ கண்டதை ஒரு வாக்கியமாகச் சொல்லு. வினைச்சொல்லோடு சொல்லு. “பயோகேஸ் நிலையத்தில் ஹைட்ரஜன் சல்பைடு பற்றிய ஆய்வு” என்பது தலைப்பாகாது. அது கோப்பின் மேல் எழுதும் பெயர். “விடுமுறைக்கு மறுநாள் நச்சுவாயு கூடுகிறது, கழிவுநீரைப் பிரித்து ஊட்டினால் தடுக்கலாம்.” இது தலைப்பு. நடந்து போகிறவர் இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் அவருக்கு ஏதோ கிடைத்துவிட்டது. மைக் மாரிசன் என்ற உளவியல் மாணவர் 2019இல் வெளியிட்ட காணொளி உலகெங்கும் போஸ்டர்களை மாற்றியது; முக்கிய முடிவை நடுவில் பெரிய எழுத்தில், எளிய மொழியில் போடு, மற்றதை ஓரத்தில் வை என்றார். அவர் சொன்ன வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. நடுவில் வெறும் எழுத்து இருந்தால் ஆதாரத்தைப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கிறது. நடுவில் ஆதாரம் இருக்க வேண்டும், அதன் தலையில் முடிவு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆதாரத்தை எப்படிக் காட்டுவது என்று யோசித்தபோது அவளே ஒரு வழி சொன்னாள். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் மாத நாள்காட்டிபோல வரையலாமா என்று கேட்டாள். பன்னிரண்டு மாதம், ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். அன்றைய உச்ச அளவுக்கு ஏற்ப நிறம். ஆலை நின்ற நாளுக்குக் கறுப்புக் கரை. நிறத்தை மட்டும் நான் மாற்றச் சொன்னேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். நடுவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். வெளிர் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்குப் போனோம். வரைந்து முடித்ததும் பேச்சே தேவைப்படவில்லை. கறுப்புக் கரையிட்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆரஞ்சு நிறம் நின்றது.

போட்டிக்குப் போகுமுன் என்னிடம் வருகிற எல்லாப் பெண்களையும் நான் ஒருவரிடம் அழைத்துப் போவேன். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், பார்வையில்லாதவர்கள் வாழவும் வேலை செய்யவும் பழகிய பேட்டை பிரிக்பீல்ட்ஸ். அரசாங்க அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். போஸ்டரை அவருக்குச் சொல்ல வேண்டும். இதோ பாருங்கள் என்று விரலை நீட்ட முடியாது. இந்த வரைபடத்தில் தெரிவதுபோல என்று நழுவ முடியாது. படம் என்ன சொல்கிறதோ அதை வாயால் சொல்லியாக வேண்டும்.

காப்பார்ப் பெண் சொல்லி முடித்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அந்த வாயு கூடினா யாருக்கும்மா நஷ்டம்?” என்றார்.

“எஞ்சின் நிக்கும் அங்கிள். கம்பெனிக்கு நஷ்டம்.”

“அந்த வால்வத் திறந்து அளக்கிறது யாரு?”

“நான்தான் அங்கிள்.”

“அப்ப உனக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள். போஸ்டரில் அது இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். அந்த அளவே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். அவள் சட்டையில் மாட்டியிருக்கும் சிறு கருவி 10 பிபிஎம்மில் கத்தத் தொடங்கும். அது எப்போதெல்லாம் கத்தியது என்று அவள் தனியாக ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தாள். யாரும் கேட்காத நோட்டு. அந்த நாட்களையும் நாள்காட்டியில் ஒரு சிறு புள்ளியாக வைத்தோம். பெரும்பாலான புள்ளிகள் ஆரஞ்சுக் கட்டத்தில் போய் உட்கார்ந்தன. ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தோன்றாத வரி அப்போதுதான் போஸ்டரில் ஏறியது: இயந்திரத்தைக் காக்கும் அதே ஏற்பாடு இயக்குகிறவரையும் காக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இன்னொரு பேச்சு நடந்தது. அளவீடுகள் எல்லாம் அவள் ஒருத்தி எடுத்ததல்ல. நாளுக்குப் பன்னிரண்டு அளவீடு என்றால் ஓராண்டுக்கு 4,380. ஷிப்டில் இருக்கும் மற்ற மூவரும் எடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வங்காளதேசத்துத் தொழிலாளி. நால்வர் பெயரும் தலைப்புக்குக் கீழே, ஒரே எழுத்தளவில் வந்தன. நிறுவனச் சின்னம் கட்டைவிரல் அளவாகி மூலைக்குப் போனது.

போட்டியன்று கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில், 2010லிருந்து ஓடும் பெண்கள் பெட்டியில், போஸ்டர்க் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். நான் உதவி செய்த போஸ்டர் என்பதால் அந்த ஆண்டு நடுவர் குழுவில் நான் இருக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். பேராசிரியர் ஒருவர் வந்து எத்தனை மாதிரிகள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். “தேர்ந்தெடுக்கல டாக்டர். எல்லா நாளும் இருக்கு. ஒரு ஷிப்டும் விடல” என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாள்காட்டியில் தன் பிறந்தநாளைத் தேடினார். இன்னொரு நிலையத்தைச் சேர்ந்த மேலாளர், விடுமுறைக்கு முன் எவ்வளவு தேக்கி வைக்க வேண்டும், திறந்த பிறகு எத்தனை நாளில் முழு அளவுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அவள் சொன்ன ஏற்பாடு இதுதான்: விடுமுறைக்கு முன் தேக்கக் குளத்தில் கொஞ்சம் கழிவுநீரை மிச்சம் வைத்து, ஆலை நிற்கும் நாட்களில் சிறிது சிறிதாக டேங்குக்கு விடுவது, திறந்த பிறகு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுவது. புது இயந்திரம் எதுவும் வேண்டாம். பம்பை எப்போது எந்த அளவில் ஓட்டுவது என்பதை மாற்றினால் போதும்.

பரிசு கிடைக்கவில்லை. முதல் பரிசு புதுவகைச் சூரியக் கலம் பற்றிய ஒரு போஸ்டருக்குப் போனது. நல்ல வேலை, நானாக இருந்தாலும் அதற்கு உயர்ந்த மதிப்பெண்ணே போட்டிருப்பேன். ஆனால் காப்பார்ப் பெண்ணின் மதிப்பெண் தாளைப் பிறகு பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. தெளிவுக்கு அதிகம் போட்டிருந்தார்கள், ஆதாரத்துக்கு அதிகம் போட்டிருந்தார்கள், புதுமைக்கு மிகக் குறைவு. தெரிந்த வேதியியல், புதிதல்ல என்று ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில், ஓராண்டு விடாமல் அளந்து, காரணத்தைக் கண்டு, காசு செலவில்லாத தீர்வையும் சொல்வது எந்தக் கட்டத்தில் சேரும்? அந்தத் தாளில் அதற்குக் கட்டமே இல்லை. அடுத்த தீபாவளிக்கு அவள் ஆலை நிர்வாகம் அவள் சொன்னபடி செய்து பார்த்தது. எஞ்சின் நிற்கவில்லை.

மதிப்பெண் தாளின் இந்தக் குறையை நான் இதுவரை பொதுவெளியில் எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், இந்தப் போட்டிகளின் மூல யோசனை நல்லது என்று நான் முழுமனதோடு நம்புவது. 2010இல் வாஷிங்டனில் கூடிய தூய்மை எரிசக்தி அமைச்சர்கள் கூட்டத்தில் சி3இ என்ற முயற்சி தொடங்கியது. இந்தத் துறைக்குள் பெண்களைக் கொண்டுவருவதும் உள்ளே வந்தவர்களை மேலே கொண்டுபோவதும் நோக்கம். அமெரிக்காவில் எரிசக்தித் துறையோடு எம்ஐடி, ஸ்டான்போர்டு, டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆகியவை கைகோத்து நடத்திவந்த சி3இ மாநாட்டில் விருதுகளோடு ஆய்வு மாணவிகளுக்கான போஸ்டர் போட்டியும் இடம்பெற்றது. இத்தகைய போட்டியின் பலன் பரிசில் இல்லை. மாணவி ஒருத்தி தன் தாளின் பக்கத்தில் நிற்க, துறையின் மூத்த பெண்கள் நடந்து வந்து அவளிடம் கேள்வி கேட்கிறார்கள். அந்தப் பேச்சு வேலைக்கு, கூட்டாய்வுக்கு, வாழ்நாள் அறிமுகத்துக்கு வழி திறக்கிறது. அந்தக் கதவு பல்கலைக்கழகப் பெண்ணுக்குத் திறப்பதுபோல ஆலைப் பெண்ணுக்கும் திறக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

பெண்களுக்கென்று தனிப்போட்டி எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. பொதுவான கண்காட்சிகள் இருக்கின்றனவே, கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் ஆண்டுதோறும் புத்தாக்கக் கண்காட்சி நடக்கிறதே என்கிறார்கள். நான் அங்கேயும் நின்றிருக்கிறேன். பக்கத்தில் ஆண் சகா ஒருவர் நின்றால் வருகிறவர் கேள்வியை அவரிடம் கேட்பார். என் போஸ்டரில் என் பெயர் முதலில் இருந்தாலும் அப்படித்தான். ஐந்து நிமிடமும் தன் வேலையைத் தானே சொல்லி, தானே பதில் சொல்லிப் பழக ஓர் இடம் வேண்டும். அங்கே பழகியவள் பொது மேடையில் யாருக்கும் இடம் விட மாட்டாள்.

ஆகவே போட்டி நடத்துகிறவர்களிடம் நான் எழுத்திலும் நேரிலும் சொல்லிவருவதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஆலை, சூரியப் பண்ணை, துணைமின் நிலையம், குப்பைமேட்டு வாயு நிலையம் ஆகியவற்றில் ஷிப்ட் பார்க்கும் பெண்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். பட்டம் கேட்காதீர்கள், லாக் புக்கைக் கேளுங்கள். மதிப்பெண் தாளில் களத்தில் நிரூபித்ததற்கு ஒரு கட்டம் போடுங்கள், புதுமைக்கு உள்ள அதே எடையில். சுருக்கத்தை மலாயிலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏ0 அச்சுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவு மாணவிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிடுகிறது. ஷிப்ட் பெண்ணுக்குச் சம்பளத்திலிருந்து போகிறது. அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி அன்றைக்குச் சம்பளத்தோடு விடுப்பு வாங்கிக்கொடுங்கள். அளவீடு எடுத்தவர்களின் பெயர் இல்லாத போஸ்டரைத் திருப்பி அனுப்புங்கள்.

இவற்றில் கடைசியை மட்டும் ஒரு பல்கலைக்கழகம் சென்ற முறை விண்ணப்பப் படிவத்தில் சேர்த்தது. அளவீடுகளை எடுத்தவர்கள் என்று ஒரு வரி, நிரப்பாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது. படிவங்கள் வந்தபோது அந்த வரியில் லாபு, சிப்பாங், பந்திங் பக்கத்து நிலையங்களில் வேலை செய்யும் பெண்களின் பெயர்கள் இருந்தன. அவர்களில் சிலருடைய தொலைபேசி எண்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஏற்பாட்டாளர்களிடமிருந்து வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லாதவர்கள் லாக் புக் நகலோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வருகிறார்கள்.